சம்பாதிக்கக் கூடாத கொட்டகை

கொட்டகைக் கதவைத் திறந்ததும் மார்லிஸ் ட்வெட் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். பன்றி வாடை பழையதா, புதியதா? புதியது என்றால் அந்த வீட்டுக்குக் கடன் கிடையாது.

அயோவாவில், எங்கள் ஊர் வங்கியில், என் பக்கத்து மேஜை அந்த அம்மாளுடையது. கிராமத்து ஏழை பாழைகள் வீடு வாங்க அரசாங்கம் ஜாமீன் நிற்கும் கடனுக்கு எந்த ஆள் தகுதி, எந்த வீடு தகுதி என்று பார்ப்பது அவர் வேலை. வாஷிங்டன் மகான்கள் விதிகளை ரொம்பச் சுலபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். வீடு கிராமத்தில் இருக்க வேண்டும். கிராமத்துத் தொழில் எதுவும் அதில் நடக்கக் கூடாது. ஆள் ஏழையாக இருக்க வேண்டும். ஆனால் மாதா மாதம் தவணை கட்டுகிற ஏழையாக இருக்க வேண்டும். கொட்டகை தாராளமாக இருக்கலாம், அது சம்பாதிக்கத்தான் கூடாது. திரும்பின பக்கமெல்லாம் சோளமும் சோயாவும் நிற்கிற ஊரில் இந்த லட்சணத்தில் வீடு தேடுகிறார்கள், பாவம்.

"இது சம்பாதிக்குதா?" என்பது மார்லிஸின் வாயில் ஊறிய கேள்வி. குளத்தைக் காட்டிக் கேட்பார், கோழிக்கூண்டைக் காட்டிக் கேட்பார். ஒரு வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாயைக்கூட விடவில்லை. "குட்டி போட்டா விப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். சொந்தத் தம்பி கடன் கேட்டு வந்தபோது, "சம்பளம் கொஞ்சம் கூடிப் போச்சேடா" என்று திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கும் கோழியும் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டுக்கு விதி இல்லை போலிருக்கிறது.

போன சனிக்கிழமை டெரிக், கெய்லா தம்பதிக்காக ஒரு வீடு பார்க்க என்னையும் கூட்டிப்போனார். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டு நிலவறையில் ஒரு பனிக்காலத்தை ஓட்டிய ஜோடி அது. இந்த வீடு தட்டிப்போனால் இன்னொரு பனிக்காலமும் அங்கேதான்.

வீட்டுக்காரர் வெர்லின் ஹூக்ஸ்ட்ரா. எங்கள் ஊரில் விவசாயம் நன்றாகப் போகிறது என்று சொல்கிறவன் மரியாதை தெரியாதவன். வெர்லின் மகா மரியாதைக்காரர். ஆயுசு முழுக்கக் காபிக் கடையில் அவர் நஷ்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, விற்கிற அன்றைக்குப் பார்த்து வியாபாரி புத்தி வந்துவிட்டது.

"சும்மா சொல்லக் கூடாது மார்லிஸ், இந்தக் கொட்டகை பொன்னாக் கொட்டும்! பன்னியை விட்டாப் போதும், பணம்தான்!"

கெய்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிழவரின் கழுத்தை நெரித்திருப்பேன். உள்ளே புறாவைத் தவிர எதுவும் இல்லை.

"பன்னியெல்லாம் வித்து எத்தனையோ வருஷம் ஆச்சே, வெர்லின்?" என்றார் மார்லிஸ்.

"ஆனா என்ன? நாளைக்கு விட்டா நாளைக்கே சம்பாதிக்கும்!"

தொலைந்தது என்று நினைத்தேன். மார்லிஸ் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஊர்க்கதை பேசுகிறவர் மாதிரி, "அது கெடக்கட்டும். இந்த வருஷம் சோளம் எப்படி?" என்றார்.

வெர்லின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதை ஏன் கேக்கறீங்க!" என்று ஆரம்பித்தவர்தான். ஆலங்கட்டி மழை, டீசல் விலை, விதை விலை, முட்டிவலி எல்லாம் வந்தது. கடைசியில் கொட்டகைக்கும் வந்தார். "இதுவா? சுத்தத் தரித்திரம்! கூரை ஒழுகுது, குழாயெல்லாம் வெடிச்சுப் போச்சு. இதுல பன்னி வளக்கறதா? பன்னியே வராது. காலணாவுக்குப் பிரயோசனம் இல்லை!"

கெய்லாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டெரிக் தங்கமான பையன். பெரியவர் ஒருவர் மனசொடிந்து பேசினால் தேறுதல் சொல்லாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க பெரியவரே, கொஞ்சம் சரி பண்ணிட்டா நாங்க இதுல மறுபடியும்..."

மார்லிஸ் அவன் பூட்ஸின் மேல் நங்கென்று ஒரு மிதி மிதித்தார். மிதித்த காலை எடுக்காமலே வெர்லின் பக்கம் திரும்பி, "ஐயோ பாவம், மேல சொல்லுங்க" என்றார்.