சென்னிமலையண்ணனின் ‘ஒய்’யும் என் முறைத்தண்ணீரும்

கோவிந்தாபுரத்துப் பக்கம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மேல்வயல் சென்னிமலையண்ணனுக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது மணி. கீழ்வயல் எனக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. தவறினால் பத்து நாள் காத்துக் கிடக்க வேண்டும். முறை முடிந்தவன் தன் மடைப்பலகையைத் தானே இறக்கி மடையை அடைக்க வேண்டும். அடுத்தவன் தொட்டால் தண்ணீர் திருடன் என்று பேராகிவிடும்.

அன்றைக்கு ஒன்பதரை ஆகியும் பலகை இறங்கவில்லை. என் நெல் கதிர் வாங்கும் சமயம், நிலமோ வெடித்துக் கிடக்கிறது. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

“கொல்லங்கோட்டு லைப்ரரிக்குப் போயிட்டாருங்க தம்பி” என்றார் அவர் மனைவி மயிலாத்தாள். “லண்டன்ல பேத்தி எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேட்டு இங்கிலீஷ்ல ‘ஒய், ஒய்’ங்குதாமா. அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு எம்மக அனுப்பிரியா வெளையாட்டுக்குக் கேட்டுப்போட்டா. மூணு நாளா மனுசன் தூங்கல.”

அண்ணன் அப்படித்தான். பத்தாவது வரை படித்தவர், நாற்பது வருடமாக நெல் விளைவிப்பவர். மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரிடம் மருந்தின் பேர் எந்த பாஷை என்று கேட்டு நிற்க, மாடு அவிழ்த்துக்கொண்டு போன கதை ஊருக்கே தெரியும்.

வண்டியை விரட்டிப் போனேன். தலையணை கனத்துக்கு ஒரு அகராதியை விரித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, பலகை?”

“அட இருங்க தம்பி. ‘வாட்’டுதான் ஆதி. நாம ‘எது’வ ‘எதனால’ங்கிறமல்ல, அதாட்டம் அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் ‘வாட்’ட வளைச்சுச் சொல்லியிருக்கான். அதுதான் தேய்ஞ்சு ‘ஒய்’யா நிக்குது.”

“என் பயிரு காயுதுங்ணா.”

“ஒரே வரி. எழுதிப்போட்டு வந்தர்றேன்.”

நோட்டைப் பிடுங்கி என் இடுப்பில் செருகினேன். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் ‘ஹூ’வும் ‘வென்’னும் அதற்கு ஒட்டுறவு என்று ஓதிக்கொண்டே வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

அவர் பலகையை இறக்கும்போது மணி பதினொன்றரை. மிச்ச அரை மணித் தண்ணீர் என் முதல் வயலோடு நின்றுவிட்டது.

அண்ணன் கொஞ்ச நேரம் என் வயல் வெடிப்புகளைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்து, என் பக்கத்து வரப்பில் நாலு கொத்து கொத்தினார். அவர் வயலில் தேங்கியிருந்த தண்ணீர் சலசலவென்று இறங்கியது.

“நேத்துத்தான யூரியா போட்டீங்க. அதுவும் சேர்ந்து வருதுங்ணா.”

“வரட்டும், விடுங்க.”

இன்னும் ரெண்டு கொத்து அகலமாக வெட்டிவிட்டு, நோட்டுக்குக் கையை நீட்டினார்.