பத்தாவது ஆள்

அன்று டாக்டரம்மா வீட்டில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, அவர் வீட்டுக்காரர், தங்கை, மெட்ராஸிலிருந்து காலையிலேயே வந்துவிட்ட இரண்டு தம்பதிகள், வயதான ஆண்கள் இரண்டு பேர். ஆக ஒன்பது. சமையலறையில், அங்கே வேலை பார்த்த என் அம்மாவும் நானும் இருந்தோம். வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களான எங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சுங்குவார்சத்திரத்தில் யூதர் வீடு அது ஒன்றுதான். ஜெபம் நடக்கும்போது எங்களையும் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். தங்கச்சியம்மாவும் தோளில் சால்வை போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார். அன்று டாக்டரம்மாவின் அப்பா இறந்த நாள். அவருக்கான ஜெபத்தைச் சொல்ல யூதர்கள் பத்து பேர் கூடியிருக்க வேண்டும், அதுவும் பொழுது விழுவதற்குள். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"இன்னும் ஒருத்தர் பஸ்ல வர்றாங்க. கூட்டிட்டு வந்துடு கண்ணு," என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

"பராக்கு பாத்துக்கினு நிக்காதடி," என்றாள் அம்மா.

எனக்குப் பத்து வயது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டிருந்தேன். ஆளைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று ஓடினேன்.

முதல் பஸ்ஸில் பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மா இறங்கினார். "டாக்டர் வீடு எது பாப்பா?"

"இருங்கம்மா, இன்னொருத்தர் வரணும். சேந்து போலாம்."

எங்கள் கோயிலில் கூட்டம் நடத்த ஆள் போதுமா என்று எண்ணும்போது விரல் ஆண்கள் பக்கம் மட்டும்தான் போகும். பெண்கள் உட்காரும் பாயை யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. ஒரு ஜெபமே காத்திருக்கிறது என்றால் வருகிறவர் ஆணாகத்தானே இருக்க வேண்டும்?

அந்த அம்மாவும் நம்பி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்குப் பொறை வாங்கித் தந்தார். இன்னும் இரண்டு பஸ் வந்து போனது.

"யாரு பாப்பா வரணும்?"

"ஒரு பெரியவரும்மா. அவரு இல்லாம போனா எங்கம்மா தோல உரிச்சிடும்."

"உங்காளு தூங்கிக்கினே காஞ்சிபுரம் போயிருப்பாரு," என்றார் டீக்கடைக்காரர். "பொழுது சாஞ்சிடுச்சு, கெளம்புங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"பெரியவரு வரவே இல்லம்மா," என்று அழுதேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். உள்ளே அவர் அப்பாவுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்து புகைந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷத்துக்குள் அவர்கள் பம்பாய்க்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, ஒருநாள் பந்திக்கு ஆள் எண்ணும்போது, எதற்கோ அந்த ஒன்பது பேரையும் விரல் விட்டு எண்ணினேன். நாலு பேர் பெண்கள். பத்தாவது ஆளைப் பொழுது விழும்வரை பெஞ்சில் உட்காரவைத்தது நான்தான். மன்னிப்புக் கேட்கலாமென்றால் முகவரி இல்லை.

அதுவரைக்கும், வராமல் போன அந்தப் பெரியவர் மேல்தான் எனக்குக் கோபம்.