கேமராக் கண்ணில் சந்தனம்

தென்றல் துணி காயப்போட்டால் கொடியில் கிளிப்புகூட நிறம் பிரித்து வரிசையாக நிற்கும். வடக்குப்பட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா சசிகலாவுக்குச் சிரிப்பு வராது. தான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டாலும் தங்கை பி.காம். முடித்து, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்குப் பெரிய விஷயம். அதே கம்பெனியில் சசிகலா ஹவுஸ்கீப்பிங். தங்கை உட்காரும் டாக்குமென்ட் ரூமைத் துடைக்கும்போது மட்டும் மாப்பை இரண்டு தடவை பிழிவாள்.

அந்த ரூமில் முன்பெல்லாம் ஃபைல்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். இந்த வருடம் கம்பெனி காகிதத்தை விட்டொழித்தது. பாகங்களைச் சோதித்து எழுதும் ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் தென்றல் கம்பெனி போனில் படம் எடுப்பாள். போனில் உள்ள ஆப் ரிப்போர்ட் நம்பரைத் தானே படித்து, பச்சை டிக் போட்டு, கிளவுடில் ஏற்றிவிடும். ஏறிய காகிதத்தை அன்று மாலையே கிழித்துவிட வேண்டும் என்பது விதி. கிழிக்கும் மெஷின் சசிகலாவின் பொறுப்பு.

தென்றல் இன்னும் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். தீபாவளிக்கு முன்னால் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று மேனேஜர் காசிராஜன் சொல்லியிருந்தார். அக்காவும் தங்கையும் அதைப் பற்றி வாய் திறந்து பேசிக்கொள்வதில்லை. பேசினால் கண் பட்டுவிடும்.

ஆயுத பூஜைக்கு லைனில் இருந்த எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தென்றல் தன் போனைத் துடைத்து, முதுகைத் திருப்பி, கேமராவுக்குப் பக்கத்தில் அளவாக ஒரு பொட்டு வைத்தாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இன்ஸ்பெக்டர் தாவீது பொரிப் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, போனுக்குமா பொட்டு? அடுத்து பூ வெச்சி பொண்ணு பாக்கப் போறியா?"

"அதுதாண்ணா எனக்குச் சோறு போடுது. உங்க ஸ்டாம்ப் பேடுக்கும் வெக்கட்டுமா?"

"வெய்யி, வெய்யி. எங்க பாஸ்டருகிட்ட மட்டும் சொல்லாத."

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தபோது பொட்டு அப்படியே இருந்தது. ஈரச் சந்தனம் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டார்கள். பூஜைக்கு வைத்த பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது. அதுவாக உதிர வேண்டும். தென்றல் வழக்கம்போல ஒவ்வொரு படத்திலும் மேலே உள்ள நம்பரையும் தேதியையும் பெரிதாக்கிச் சரிபார்த்தாள். பச்சை டிக் விழுந்தது. காகிதங்கள் மாலையில் கீழே வந்தன. சசிகலா கிழித்தாள்.

பாகங்களை வாங்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்த அன்று, சசிகலா டாக்குமென்ட் ரூமில் குப்பைக்கூடையை மாற்றிக்கொண்டிருந்தாள். காசிராஜன் திருநெல்வேலிக்காரர், குரலை உயர்த்தாதவர். கம்ப்யூட்டர் திரையைத் தென்றல் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரும்மா. நம்பர்லாம் தெளிவா இருக்கு. கீழ கையெழுத்தயும் சீலையும் மட்டும் காணல. எல்லாத்துலயும் அதே மூலையில மஞ்சளா என்னமோ அப்பிக்கிட்டு நிக்கி."

தென்றல் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுத்த படம். அதற்கடுத்த படம். பிறகு போனை எடுத்துத் திருப்பினாள்.

"சந்தனம் சார்."

"என்னது?"

"பூஜைக்கு வெச்சது. லென்சு மேல வழிஞ்சிருக்குது."

காசிராஜன் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாவீதைக் கூப்பிட்டார். தாவீது வந்து, விஷயத்தைக் கேட்டதுமே பேனாவை எடுத்தார். "இது ஒரு மேட்டரா? பிரிண்ட் எடு, மறுபடி போட்டுத் தரேன்."

"போட்ட தேதி போயிருச்சே தாவீது. இப்ப போட்டா அது பொய்க் கணக்குல்லா. காயிதத்தக் கொண்டாங்க, அதக் காட்டுவோம்."

மூன்று பேரும் சசிகலாவைப் பார்த்தார்கள்.

அவள் கீழே ஓடினாள். பழைய மூட்டைகளைக் கழிவு வண்டி எடுத்துப் போயிருந்தது. அது தெரிந்தும், மீதியிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டாள். சேமியாபோலச் சுருண்ட காகிதம் விரலெல்லாம் சுற்றிக்கொண்டது. பின்னாலேயே வந்த தென்றல் அவள் தோளைத் தொட்டாள்.

"வுடுக்கா. இதுல இல்ல."

இருவரும் மேலே வந்தபோது காசிராஜன் பதில் எழுத உட்கார்ந்திருந்தார். அதுவும் அந்த ஆப்பில்தான். காரணம் என்ற இடத்தில் சொந்தமாக எழுத முடியாது. காட்டுவதில் ஒன்றைத் தொட வேண்டும். மெஷின் பழுது, மின்தடை, நெட்வொர்க் கோளாறு, ஊழியர் கவனக்குறைவு.

"பூஜைன்னு ஒண்ணு இல்லயே" என்றார் அவர்.

"நெட்வொர்க்குன்னு போடேன் சார்" என்றார் தாவீது.

"நெட்வொர்க்கு மஞ்சளாவா இருக்கும்? மறுநாளே கேப்பான்." அவர் தென்றலைப் பார்த்தார். "வேற வழி தெரியலம்மா."

"போடுங்க சார்" என்றாள் தென்றல்.

கவனக்குறைவு. கொடியில் கிளிப்பைக்கூட நிறம் பிரித்துப் போடுகிறவள். சசிகலா வாயைத் திறக்கப் போனாள். மேனேஜர் முன்னால் ஹவுஸ்கீப்பிங் ஆள் பேசினால் அது தங்கைக்குத்தான் கெடுதல் என்று குப்பைக்கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாகங்களை மறுபடி சோதித்து அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் தென்றல் பெயரில் கவனக்குறைவு என்று விழுந்த பதிவு அப்படியே நின்றது. வாங்கும் கம்பெனிதான் அதை முடித்து வைக்க வேண்டும். இங்கிருந்து யாராலும் அழிக்க முடியாது. காசிராஜன் மெயில் அனுப்பினார், போன் செய்தார். பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வந்தது. பதிவு உள்ள ஆளுக்கு ஆர்டர் கொடுக்க எச்.ஆரில் முடியாது என்றார்கள். கான்ட்ராக்டை நீட்டிக்கவும் அதே விதி குறுக்கே நின்றது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் காசிராஜன் தென்றலை நிற்க வைத்துப் பேசவில்லை, உட்காரச் சொன்னார். "உன்ன மாதிரி இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்கப் போறதில்லம்மா. இத எங்க வேணா வந்து சொல்லுவேன். ஆனா இதுல என் கையில ஒண்ணுமில்ல."

அவர் கண் கலங்கியிருந்ததாகத் தென்றல் பிறகு சொன்னாள். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை என்பதுதான் சசிகலாவுக்குத் தாங்கவில்லை. திட்டவாவது ஒரு ஆள் வேண்டும்.

கடைசி நாள் மதியமே தென்றலின் அடையாள அட்டை செத்துவிட்டது. மாலை கம்பெனி பஸ்ஸில் அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "ஏறும்மா, யாரும் பாக்கல" என்றார். தென்றல் ஏறவில்லை. உள்ளே சீட் பிடித்திருந்த சசிகலா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இருவரும் ஒரகடம் கூட்டு ரோடு வரை நடந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் காற்றை வாரி மேலே அடித்துப் போயின. சசிகலா இருவர் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது தென்றல் கேட்டாள்.

"நாளைக்கு உனக்கு இன்னா ஷிப்ட்டு?"

"ஃபர்ஸ்ட்டு."

"சரி, நான் எழுப்பி வுடுறேன்."