ராகிக்குழியில் அணைந்த லாந்தர்

முனியப்பாவை மாட்டு வண்டியிலிருந்து இறக்கியபோது அவருடைய உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். அம்மை குத்த அவர் வெளியூர் போகிற நாட்களில் டிஸ்பென்சரி முழுக்க என் ராஜ்யம்தான்; அன்றும் அப்படித்தான். யாராவது 'சின்ன டாக்டரு' என்று கூப்பிட்டால் மறுக்க மாட்டேன். தலைக்கனம், வேறென்ன!

அந்தப் பக்கத்தில் அப்போது ராகியைத் தரைக்குள் ஆழமாகக் குழி வெட்டிக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். வருஷக்கணக்கில் பூச்சி வராது. பூச்சி மூச்சுவிட உள்ளே காற்று இருந்தால்தானே வரும்? பூச்சிக்கே இல்லாத காற்று மனுஷனுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அதனால் குழியைத் திறந்தால் ஒரு நாள் ஆறப்போடுவார்கள். பிறகு லாந்தரைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் விடுவார்கள். மேலே ஒருவர் வெற்றிலை போட்டு, மென்று துப்பும் வரை விளக்கு எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

முனியப்பாவுக்கு மறுநாள் மகளின் நிச்சயதார்த்தம். விருந்துக்கு ராகி அரைத்தாக வேண்டும். காலையில் குழியைத் திறந்தவர் உடனே லாந்தரை விட்டிருக்கிறார். அது அணைந்துவிட்டது. "எண்ணெ தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு ஏணி வைத்து இறங்கிவிட்டார். உள்ளே சத்தமே இல்லை என்றதும் அவர் மனைவி லட்சுமம்மா கூப்பாடு போட, முனியப்பாவின் மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி ஏணி இறங்கி, கயிறு மாட்டி இழுத்திருக்கிறார். அவரும் கூடவே விழாதது அதிர்ஷ்டம்.

நான் முனியப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதலுதவி வகுப்பில் கற்றபடி முதுகை அழுத்தி அழுத்தி விட்டேன். கொஞ்ச நேரத்தில் இருமினார். உதட்டில் நிறம் திரும்பியது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாடியைப் பிடித்தேன். நிமிஷத்துக்கு நூற்றுமுப்பதுக்கு மேல் ஓடியது, விரலையே தள்ளியது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"நாடி குதிரையாட்டம் ஓடுது. ஒண்ணும் பயமில்ல" என்றேன்.

லட்சுமம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, இவரு கை எப்பவும் இப்பிடி நடுங்காதுங்க. நெஞ்ச வேற தடவிக்கினே இருக்காரு. செத்த நேரம் படுக்க வைங்களேன்."

"அது பயத்துலம்மா. நீ டாக்டரா, நான் டாக்டரா?"

உண்மையில் இரண்டு பேருமே இல்லை.

"நாளைக்கி சம்பந்தி வூட்டு ஆளுங்க வராங்க. குழி வாயத் தொறந்து கெடக்குது. நான் போறன்யா" என்றார் முனியப்பா.

"நடந்தே போங்க. காத்தாட இருக்கும்" என்று அனுப்பிவைத்தேன்.

வாசல் கேட் வரைக்கும் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார், அப்படியே சாய்ந்துவிட்டார். "தேவுடா!" என்று லட்சுமம்மா அலறினார். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் ஜீப் உள்ளே நுழைந்தது.

கட்டிலில் சாய்த்துப் படுக்கவைத்தோம். நான் நடந்ததைச் சொல்லிக்கொண்டே கோராமின் ஊசியை எடுத்தேன். இருதயத்தைத் தூண்டும் என்று அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் போடுவோம்.

"அத கீழ வைங்க, கம்பவுண்டர். ஓடி ஓடி வுழுந்த குதிரைய இன்னுமா அடிப்பீங்க?" என்றார் டாக்டரம்மா. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிய பிறகு சொன்னார்: "மூச்சுக்காத்து கொறஞ்சா, கிட்னிக்கு மேல இருக்கற சின்ன சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். நாடி ஓடும், பிரஷர் ஏறும், வேர்க்கும், நடுங்கும். எப்படியாவது மூளைக்கு ரத்தம் போகணும்னு உடம்பு படற அவசரம் அது. ஆனா அந்த இருதயத்துக்கே காத்து பத்தலையே! பட்டினி கெடக்கறவன் தலையில மூட்டைய ஏத்தி ஓடச் சொன்ன மாதிரி. குழிய விட்டு வெளிய வந்தாலும் அது உடனே அடங்காது. நீங்க பலம்னு நெனச்சது பலமில்ல."

நான் ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

முனியப்பா பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கட்டிலை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு. சம்பந்தி வீட்டார் டிஸ்பென்சரிக்கே வந்து, அவர் கட்டிலுக்கு முன்னால் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு மூட்டை தூக்கியதில்லை. நாலு படி ஏறினால் நின்றுதான் போவார்.

இன்று ஓசூர் கம்பெனிகளின் முதலுதவி அறையில் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழி மாதிரியே காற்றில்லாத டாங்கிக்குள் மயங்கி, தூக்கி எடுத்த ஆள் எழுந்து நின்று "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்பான். நம்பாதீர்கள். படுக்கவையுங்கள், டாக்டர் வரும்வரை நடக்க விடாதீர்கள். கூட வந்தவர் "இவரு எப்பவும் இப்படி இல்ல" என்று சொன்னால், வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுங்கள்.

மறுவருஷம் அந்தத் தெரு வழியாகப் போனேன். குழி திறந்திருந்தது. முனியப்பா நிழலில் உட்கார்ந்திருந்தார். லட்சுமம்மா லாந்தரை அடிவரை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துப்பிவிட்டுக் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"வெளக்கு அணைஞ்சப்ப எண்ணெ இல்லேன்னாரு இவரு. இவரு கை நடுங்குனப்ப பயம்னு சொன்னீங்க நீங்க. ரெண்டு பேருக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

வித்தியாசம் இருந்தது. அவர் பணயம் வைத்தது தன் உயிரை. நான் வைத்ததும் அவர் உயிரைத்தான்.