மேற்கு பார்த்த கண்ணாடி அறை

என் குழந்தையை வாட்டியது நான் ஆசைப்பட்டுக் கட்டிய அறைதான் என்று தெரிந்தும், அன்று ஏன் மாமனார் பெயரைச் சொன்னேன்? சொன்னேன்… பொய் சொன்னேன்.

அவனியாபுரத்தில் நாங்கள் வீடு கட்டியபோது முகப்பு முழுக்க என் விருப்பம். இணையத்தில் பார்த்த வெளிநாட்டு வீடுகளைப் போல, பெட்டிகளை அடுக்கிய மாதிரி வெள்ளைச் சுவர்கள். மாடி அறைக்கு மேற்கே, தரையிலிருந்து கூரைவரை, திறக்கவே முடியாத ஒரே கண்ணாடி.

"மேக்க பாத்த ரூம் மேடம். சன்ஷேடாவது வச்சிருவோம்" என்றார் இன்ஜினியர்.

"அத வச்சா லுக்கே போயிரும் சார். ஏசி போட்டுக்கலாம்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! வெயிலுக்கு ஏங்கும் ஊர்களில் வெயிலை உள்ளே வரவழைக்கக் கட்டும் வீடு அது. மதுரை வெயிலை அறியாதவளா நான்?

பால் காய்ச்சிய அன்று எதிர்வீட்டு அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "ஜவுளிக்கடையாட்டம்ல இருக்கு! எந்த மாடில தங்கச்சி பட்டுச்சேலை?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன சித்திரையில் ஒரு மதியம், ஒன்றரை வயது மகளை அந்த அறையில் தூங்க வைத்து, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். கரண்ட் போயிருக்கிறது. கீழே இன்வெர்ட்டரில் ஃபேன் நிற்காமல் சுற்றியதால் எனக்குத் தெரியவே இல்லை. மேலே ஏசி நின்றுவிட்டது…

வெகுநேரம் கழித்து அவளை எழுப்பப் போய்க் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. குழந்தை அழவில்லை. அதுதான் பயம்! உடம்பெல்லாம் சிவந்து, துவண்டு, கண் செருகிக் கிடந்தாள்.

"வெயில்ல வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"மாமா காலையில மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போனாரு" என்றேன்.

போனார்தான். இளவெயிலில், விமானம் காட்ட, கொஞ்ச நேரம். அறையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மாமா மறுக்கவும் இல்லை. "ஆமாப்பா… நாந்தான் கொண்டுபோனேன்" என்று தலை குனிந்தார். அவரே நம்பிவிட்டார்! மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது அவள் கைநீட்டி ஓடினாலும், "அம்மாட்ட போ தாயி" என்று தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரப்போகும் அக்காவிடம் நேற்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அப்பாட்ட மட்டும் விட்றாதீங்கக்கா. பிள்ளைக்கு வெயிலே ஆகாது. மத்தியானம் மேல் ரூம்ல ஏசியப் போட்டு, கதவச் சாத்திருங்க."

கேட்டுக்கொண்டு நின்றேன்… என் பொய்தான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி அங்கே படுக்க வைக்கப்போகிறது!

இன்று காலை மெல்லப் பேச்செடுத்தேன். "அந்த ரூம் வேணாமேங்க…"

"ஏன், அந்த ரூமுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

நீங்களாவது சொல்லுங்கள்… இதை முதலில் யாரிடம் சொல்வது, கணவரிடமா, மாமாவிடமா? எந்த வார்த்தையில் தொடங்குவது? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.