இனிக்காத ஜாங்கிரி

ஜாங்கிரியைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் படபடப்பு வந்துவிடுகிறது.

என் கணவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரையோடு, வேலியில் படர்ந்திருக்கும் சிறுகுறிஞ்சான் இலையையும் பொடி செய்து தினமும் சாப்பிடுவார். விருந்துக்குப் போனால் பச்சை இலையையே மெல்லுவார். அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது, ஆசையும் அடங்கிவிடும்.

போன மாதம் சிதம்பரத்தில் உறவினர் கல்யாணம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "பந்தியில சாப்டுக்கலாம்" என்று வெறும் வயிற்றோடு கடலூரில் பஸ் ஏறிவிட்டார். முகூர்த்தம் முடிந்தும் பந்தி போடவில்லை. இலையை மென்றபடி காத்திருந்தவருக்குத் திடீரென்று கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, சமையல்கட்டுக்கு ஓடி ஒரு ஜாங்கிரி வாங்கி வந்து ஊட்டினேன். துப்பிவிட்டார்.

"என்னாடி இது, மண்ணு மாதிரி இருக்குது!"

சர்க்கரை கொடுத்தேன். அதையும் துப்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் இலை ஞாபகம் வந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, "ருசி பாக்காதீங்க, முழுங்குங்க!" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. குடித்த பிறகு மெல்ல நடுக்கம் நின்றது.

"பட்டினியில மாத்திரை போட்டிருக்கீங்க. அந்த இலையும் சர்க்கரையைக் குறைக்கும். ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார், மறுநாள் போய்ப் பார்த்தபோது எங்கள் டாக்டர்.

"இலைதானே சார்" என்றார் இவர்.

இப்போது இட்லி உள்ளே போகாமல் வாசலைத் தாண்ட விடுவதில்லை. என் கைப்பையில் குளுக்கோஸ் இருக்கிறது. டாக்டர் சொல்லி இலையை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் அவர் வேலிப் பக்கம் போனால், "அங்க என்னா வேலை?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துவிடுகிறேன்.