எறும்பு விழுந்த பால்

எங்கள் கம்பெனியில் என் வேலை அமோனியா பார்ப்பது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி இருந்த ரசாயனக் கம்பெனி, பெயர் வேண்டாம். பாய்லருக்குப் போகிற தண்ணீர், கால்வாயில் விடுகிற தண்ணீர் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, பாதரசம் சேர்த்த ஒரு கரைசலை விடுவேன். அமோனியா இருந்தால் மஞ்சளாகும். அதிகம் இருந்தால் செங்காவியாகும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு அறுபதுகளின் கடைசியில் அது கௌரவமான வேலை. மீஞ்சூர் ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போதே சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு மிதப்பாக நிற்பேன். இப்போது நினைத்தால் அந்த ஆளைப் பளாரென்று அறையத் தோன்றுகிறது.

அந்த வேலையில் முதல் விதி, பிளாங்க் போடுவது. சோதிக்க வேண்டிய தண்ணீர் ஒரு குழாயில் என்றால், பக்கத்திலேயே இன்னொரு குழாயில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டிலும் அதே கரைசல், அதே அளவு. சுத்தமான தண்ணீரும் மஞ்சளானால் கோளாறு கரைசலில்தான் என்று தெரிந்துவிடும். பிளாங்க் போடாமல் ரிசல்ட் எழுதிக்கொண்டு வந்த ஒருவனை, எல்லோர் முன்னாலும் "நீயெல்லாம் படிச்சவனா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் எனக்கு அத்தை மகளைக் கட்டிவைத்தார்கள். சோழவரம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கும் அத்தைக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். அது வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்பது நைனாவின் கணக்கு. எனக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை, அவளைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அவள் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

முதலில் ஆண் குழந்தை. பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தான், ஊரே கேட்க அழுதான். நான்காம் நாள் பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டான். பிறகு தூக்கம், எழுப்பினாலும் தூக்கம். மூச்சு மட்டும் ஓடி வந்தவனுக்கு வாங்குவது போல வாங்கியது. வலிப்பு வந்து எட்டாம் நாள் இறந்துபோனான். பொன்னேரி டாக்டர் கிருமி என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் அம்மாவுக்குக் கிருமி போதவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அம்மா ஒரு கிண்ணத்தை மருமகளிடம் நீட்டி, "பீச்சிக் குடுடி" என்றாள். பிள்ளை போன மூன்றாம் நாள், மார்பு கட்டிப்போய் ஜுரத்தோடு இருந்தவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் பீச்சிக் கொடுத்தாள். அம்மா சுவரிலிருந்து ஒரு கட்டெறும்பைப் பிடித்து அதில் போட்டாள். எறும்பு கரையேறினால் நல்ல பால், செத்தால் விஷப் பால். எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்ப்பதுண்டு.

எறும்பு கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி நீந்தியது. பிறகு கால்களை மடக்கிக்கொண்டு மிதந்தது.

"பாத்துக்கினீங்களாடி? கொயந்தைக்கு இவதான் வெசத்த ஊட்டிக்கினு இருந்துகீறா" என்றாள் அம்மா. மனைவி என்னைப் பார்த்தாள். பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள், படித்தவன் என்ன சொல்கிறான் என்று.

மூன்று அடி தூரத்தில் தண்ணீர்ப் பானை இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், இன்னொரு எறும்பு. அவ்வளவுதான் தேவை. தண்ணீரிலும் அது செத்திருக்கும். கால்வாய்த் தண்ணீருக்குத் தினமும் செய்த நியாயத்தை என் பெண்டாட்டியின் பாலுக்கு நான் செய்யவில்லை. அம்மாவுக்குப் பயந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். பால்தான் விஷம் என்றால் குறை அவளுடையது, என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அந்த நினைப்பு அன்று எனக்கு இதமாக இருந்தது. எழுதும்போதே வாய் கசக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இரண்டாவதாகப் பிறந்தது பெண் குழந்தை. இந்த முறை அம்மா மருமகளை நம்பத் தயாராக இல்லை. பிறந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டுப் பசுவின் பால், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல், சங்கில். "எம் பேத்திக்குத் தண்ணிப் பாலா?" என்று பெருமை வேறு. என் மனைவி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் குடுக்கறேனே மாமா" என்று என்னிடம் கேட்டாள். அம்மா சொல்வதைக் கேள் என்றேன். ஈரமான ரவிக்கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாளே குழந்தை துவண்டது. இந்த முறை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா, "சொந்தத்தில கல்யாணமா? இதுக்கு முந்தி குழந்தை ஏதாவது தவறிப்போச்சா?" என்று இரண்டே கேள்வி கேட்டு, ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். பிறந்த நான்காம் நாள் மகளும் போய்விட்டாள். ரிசல்ட் வாங்க ஒரு மாதம் கழித்து நான் மட்டும் போனேன்.

"ரத்தத்தில அமோனியா ஏகப்பட்டது" என்றார் டாக்டரம்மா. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என்ன சிரிப்பு அது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். உடம்பில் எதையும் வெட்ட நொதிகள் இருக்கின்றன, ஒட்டவும் நொதிகள் இருக்கின்றன. ஒட்டுகிற வகைக்கு லிகேஸ் என்று பெயர். செல் தன் சக்தியைச் செலவழித்துத்தான் அந்த ஒட்டு வேலையைச் செய்ய முடியும். அறுந்த டி.என்.ஏ. இழையைச் சேர்க்கிற லிகேஸை அப்போதுதான் சில வருஷங்களுக்கு முன் கண்டுபிடித்திருந்தார்கள். அது இல்லாமல் எந்த உயிரும் இல்லை. என் பிள்ளைகளிடம் வேலை செய்யாதது வேறொரு லிகேஸ். பாலில் உள்ள புரதம் உடைந்தால் அமோனியா வரும். அது யூரியாவாக மாறிச் சிறுநீரில் போக வேண்டும். வழியில் ஓரிடத்தில் சிட்ருலின், அஸ்பார்டேட் என்ற இரண்டையும் இந்த லிகேஸ் சேர்த்து வைக்க வேண்டும். சேர்க்காவிட்டால் அமோனியா ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும்.

கல்லூரிப் புத்தகத்தில் நொதிகள் ஆறு வகை, லிகேஸ் ஆறாவது. கடைசி வகை, கேள்வி வராது என்று படிக்காமல் விட்டிருந்தேன்.

"இது அம்மாகிட்டருந்து ஒரு பங்கு, அப்பாகிட்டருந்து ஒரு பங்கு வரணும். ரெண்டும் சேர்ந்தாதான் வியாதி" என்றார். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்திருக்கலாமாம். நாலு பிள்ளைக்கு ஒன்று என்பது கணக்காம். எங்களுக்கு இரண்டுக்கு இரண்டு. வயிற்றில் இருந்தவரை ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். "அமோனியாவை அதுவரைக்கும் அம்மா உடம்பு வெளியேத்திடும்ல" என்றார். அவள் உடம்பு பத்து மாதம் காப்பாற்றி அனுப்பிய பிள்ளைகளைத்தான், அவள் கொன்றாள் என்று நாங்கள் ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தோம்.

மறுநாள் காலையில் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். பாலில் குற்றமில்லை, குறை நம் இருவரிடமும் இருக்கிறது, பாதி என்னுடையது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. புரதம் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அது எம் பால்ல ஜாஸ்தியா, பசும்பால்ல ஜாஸ்தியா?"

ஐந்தாவது படித்தவள் ஒரே எட்டில் அங்கே போய் நின்றுவிட்டாள். எனக்கு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, ரயிலேறி, பாதி வழி வந்த பிறகுதான் அது உறைத்திருந்தது. "பசும்பால்ல" என்றேன். மூன்று மடங்கு என்று சொல்லவில்லை.

"அப்ப பொண்ணுக்கு எம் பாலே குடுத்திருந்தா?"

"எப்பிடியும் பொழைச்சிருக்காது."

"பொழைக்கறத இன்னாத்துக்குக் கேக்கறேன்? பையன் எட்டு நாள் இருந்தான் இல்ல. இவளும் இன்னும் நாலு நாள் எங்கிட்ட இருந்திருப்பாளா?"

"தெரியாது" என்றேன்.

அவள் அரிசியைத் திரும்பப் புடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம், வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை, அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. இருந்திருப்பாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அவள் சாகும்வரை நான் அதைச் சொல்லவில்லை.